ரோபோ நின்னா மோட்டாரை மாற்றினால் போதுமா? கியர்பாக்ஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி? - முழு விளக்கம்

கார் ஆலையின் வெல்டிங் லைன். வரிசையாக வேலை செய்துகொண்டிருந்த ரோபோக்களில் ஒன்று திடீரென நிற்கிறது. திரையில் '3-வது ஆக்சிஸ் ஓவர்லோடு' என்று அலாரம். பின்னால் மொத்த லைனும் நின்றுவிட்டது. "மோட்டார் போச்சு, மாத்துங்க" என்று உத்தரவு வருகிறது. மாற்றியாச்சு. ரோபோவும் ஓடுது. ஆனா, சில நாட்களில் மறுபடியும் அதே அலாரம்!

ரோபோ பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். தப்பு எங்கே நடக்கிறது? பார்க்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-ல் இந்தியாவில் 8,510 தொழிற்சாலை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன. முந்தைய ஆண்டைவிட இது 59% அதிகம். 2024-ல் இந்த எண்ணிக்கை சுமார் 9,100. அதிகம் வாங்குவது வாகனத் துறைதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று புதிதாக வரும் ரோபோக்கள் சில வருடங்களில் பழசாகும். அப்போது அவற்றைச் சரியாகப் பழுதுபார்க்க ஆட்கள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ரோபோ கைக்குள் என்ன இருக்கு?

கார் ஆலைகளில் அதிகம் இருப்பவை 6 ஆக்சிஸ் ரோபோக்கள். அதாவது, 6 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சர்வோ மோட்டார், அதன் பின்னால் நிலையை அளக்கும் என்கோடர், கையைப் பிடித்து நிறுத்தும் பிரேக், முன்னால் ஒரு கியர்பாக்ஸ். இந்த கியர்பாக்ஸைத்தான் 'ரிடியூசர்' என்கிறார்கள்.

மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், 100-க்கு 1 விகிதமுள்ள ரிடியூசர் அதை 30 சுற்றாகக் குறைத்து, அதற்கேற்ப விசையைக் கூட்டித் தருகிறது. பெரிய மூட்டுகளில் 'ஆர்வி' வகையும், மணிக்கட்டுப் பகுதியில் 'ஹார்மோனிக்' வகையும் அதிகம். ஜப்பானின் நாப்டெஸ்கோ, ஹார்மோனிக் டிரைவ் சிஸ்டம்ஸ் போன்ற சில நிறுவனங்கள்தான் இதில் முன்னணி. ஸ்பேர் கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

அலாரம் சொல்வது பாதி உண்மை

'ஓவர்லோடு' அலாரத்துக்கு அர்த்தம், மோட்டார் கெட்டுப்போச்சு என்பதல்ல. மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரமப்படுகிறது என்பது மட்டும்தான். காரணம் வேறு எங்கோ இருக்கலாம். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

* சமீபத்தில் ரோபோ எதிலாவது மோதியதா?
* கையில் இருக்கும் கன் அல்லது கிரிப்பரின் எடை, கன்ட்ரோலரில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா?
* புரோகிராமில் வேகத்தை யாராவது கூட்டினார்களா?
* பிரேக்குக்குப் போக வேண்டிய 24 வோல்ட் சரியாக வருகிறதா? பிரேக் முழுசா விடுபடாவிட்டால், நல்ல மோட்டாரும் திணறும்.
* கேபிள் உள்ளே அறுந்திருக்கிறதா? கை ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் அலாரம் அடித்தால், முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

மோட்டாரா? கியர்பாக்ஸா?

இந்தக் கேள்விகளைத் தாண்டியும் பிரச்னை இருந்தால், அடுத்தது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது. மோட்டாரைக் கழற்றி, சுமை இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் அலாரம் வந்தால் கோளாறு மோட்டார், என்கோடர், பிரேக், கேபிள், டிரைவ் பக்கம். சத்தமில்லாமல் ஓடினால் பார்வை கியர்பாக்ஸ் மீது திரும்ப வேண்டும்.

கியர்பாக்ஸ் தேய்ந்தால் அறிகுறிகள் முன்கூட்டியே வரும். ஒரே சுற்று இடைவெளியில் 'டக் டக்' சத்தம், நிற்கும்போது கையில் நடுக்கம், பக்கத்து மூட்டைவிட அதிக சூடு, வெல்டிங் புள்ளி இடம் மாறுவது. மூட்டில் 1 ஆர்க் நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஆட்டம் வந்தாலே, 2.5 மீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் அது சுமார் 0.7 மில்லிமீட்டர் ஆகிவிடும். வெல்டிங்கில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சாட்சி, பழைய கிரீஸ். அதில் இரும்புத் துகள் மினுமினுத்தால் உள்ளே பற்கள் அல்லது பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அளப்பதைவிட, அளவு கூடிக்கொண்டே போகிறதா என்று தொடர்ந்து கவனிப்பதுதான் முக்கியம்.

கிரீஸ் போடும்போதே வரும் வினை

பல பெரிய ரோபோக்களின் கையேடுகளில் 3 வருடம் அல்லது 11,520 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றச் சொல்கிறார்கள். இங்கேதான் ஒரு சின்ன தவறு பெரிய செலவாகிறது. கிரீஸ் வெளியேறும் துளையைத் திறக்காமல் பம்ப் அடித்தால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும். கிரீஸ் மோட்டாருக்குள் போகும். பிரேக்கும் என்கோடரும் வீணாகும். கியர்பாக்ஸுக்குச் செய்த பராமரிப்பு, மோட்டார் கோளாறாக வெளியே தெரியும்!

உயிர் முக்கியம்

பெரும்பாலான ரோபோக்களில் பிரேக் இருப்பது மோட்டாருக்குள். மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் கூடவே வந்துவிடும். அப்போது 2, 3-வது ஆக்சிஸ்களுக்கு முட்டுக் கொடுக்காவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கை சட்டென்று கீழே விழும். 1981-ல் ஜப்பானின் அகாஷியில் இருந்த ஆலையில், ரோபோவைப் பழுதுபார்க்கப் போன பராமரிப்பு ஊழியர், அதை முழுமையாக நிறுத்தாததால் உயிரிழந்தார். "லைன் நிக்குது, சீக்கிரம்" என்ற அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுவதையும், முட்டுக் கொடுப்பதையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து என்ன?

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் ரூ.2,877 கோடியில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் திட்டம், 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ரோபோட்டிக்ஸ் பயிற்சியும் இதில் உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனா, ரோபோவை ஓட்டக் கற்பது ஒன்று, அது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது வேறொன்று. இரண்டாவது, பிரித்துப் போட்ட கியர்பாக்ஸில் கை வைத்தால்தான் வரும்.

ஆலைகள் தரப்பிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எது கெட்டது என்று உறுதி செய்ய ஒரு மணி நேரம் கொடுப்பதை நஷ்டமாகப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டால், அடுத்த வாரம் அதே லைன் மறுபடியும் நிற்கும்.