ஒற்றனுக்கும் ஓய்வு வேண்டும்

எதிரியே இல்லாமல் போனால் உளவாளிக்கு என்ன வேலை? 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தபோது, திரையுலகில் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் ஜேம்ஸ் பாண்ட்தான். 1962-ல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி அறிமுகமான நாளிலிருந்து 007-ன் பிழைப்பு பனிப்போரின் நிழலில்தான் நடந்துவந்தது.

நிஜத்தில் அதற்கு முன்பே சரக்கு பழசாகிவிட்டது. 1983-ல் வந்த 'ஆக்டோபுஸி'யை நினைத்துப் பாருங்கள். பாண்ட் உதய்பூருக்கு வருகிறார். பாம்பாட்டி, தீ மிதிப்பவர், ஆணிப் படுக்கை என்று ஒன்றுவிடாமல் காட்டுகிறார்கள். நம்ம ஊர் விஜய் அமிர்தராஜ் ஆட்டோ ஓட்டுகிறார், டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுகிறார். அன்று கைதட்டி ரசித்தோம். இன்று பார்த்தால் கொஞ்சம் நெளியத் தோன்றுகிறது.

1989-ல் டிமோதி டால்டன் நடித்த 'லைசென்ஸ் டு கில்' அமெரிக்காவில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பிறகு நிறுவன விவகாரம் வழக்கில் சிக்கியது. ஆறு ஆண்டுகள் படமே இல்லை. பாண்டின் கதை முடிந்தது என்றுகூடப் பேச்சு எழுந்தது.

1995-ல் 'கோல்டன் ஐ' வந்தது. பியர்ஸ் பிராஸ்னன் புதிய பாண்ட். கோட்டு, கார், மார்ட்டினி எதுவும் மாறவில்லை. ஆனால் அதுவரை ஆண்களே உட்கார்ந்திருந்த 'எம்' நாற்காலியில் ஜூடி டென்ச். (பிரிட்டனின் எம்.ஐ.5 உளவு அமைப்புக்கு 1992-லேயே ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற பெண் தலைவராகியிருந்தார்.) பெண்களை மதிக்கத் தெரியாத, பனிப்போர் விட்டுச்சென்ற பழம்பொருள் என்று பாண்டின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார் எம். விமர்சகர்கள் பல காலமாகச் சொன்னதைப் படமே ஒப்புக்கொண்டது! வில்லன் ரஷ்யரல்ல, பாண்டின் பழைய சகா 006. பெயர்த்துப் போட்ட சோவியத் சிலைகளுக்கு நடுவே இருவரும் சந்திக்கிறார்கள். உலக வசூல் 35 கோடி டாலரைத் தொட்டது.

அந்த இடைவெளி கட்டாயத்தால் வந்தது. அடுத்தது விரும்பி எடுத்துக்கொண்டது. 2002-ல் வெளியான 'டை அனதர் டே' சுமார் 43 கோடி டாலர் சம்பாதித்தது. அதுவரை வந்த எந்த பாண்ட் படமும் அவ்வளவு வசூலித்ததில்லை. இத்தனைக்கும் அதில் கண்ணுக்குத் தெரியாத கார் ஒன்று ஓடியது. செப்டம்பர் 11-ஐப் பார்த்துவிட்ட உலகத்துக்கு அது குழந்தை விளையாட்டு. தயாரிப்பாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். லாபம் கொட்டும்போதே கடையைச் சாத்தினார்கள். பிராஸ்னனை அனுப்பிவிட்டு நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1953-ல் இயான் ஃபிளெமிங் எழுதிய முதல் பாண்ட் நாவலான 'கேஸினோ ராயல்' 2006-ல் படமானது. பொன்னிறத் தலைமுடிக்காரர் பாண்டா என்று ரசிகர்கள் சிலர் டேனியல் கிரெய்குக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். படம் வந்ததும் அடங்கினார்கள். அடிபட்டால் ரத்தம் வரும், காதலித்தால் ஏமாறும் பாண்ட் அவர். இரண்டு முறையும் இயக்குனர் ஒருவரே: மார்ட்டின் கேம்பெல்.

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் முடிவுகள். ஆல்பர்ட் பிராக்கலி 1996-ல் மறைந்த பிறகு மகள் பார்பராவும், மனைவியின் முதல் திருமணத்து மகன் மைக்கேல் வில்சனும் பொறுப்பிலிருந்தார்கள். 2021-ல் வந்த 'நோ டைம் டு டை'யில் பாண்டைச் சாகடிக்கக்கூட அவர்கள் துணிந்தார்கள்.

அமேசான் 2022-ல் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கியது. 2025 பிப்ரவரியில், குடும்பம் உரிமையில் பங்காளியாகத் தொடர, படைப்பு அதிகாரம் அமேசானிடம் போனது. அடுத்த படத்தை இயக்க டெனி வில்நூவ் தேர்வானார். அவர் திறமையில் சந்தேகமில்லை. கவலை வேறு. சந்தாதாரர்களுக்குத் தொடர்ந்து புதுச் சரக்கு இறக்கியாக வேண்டிய கடை இது. ஓடுகிற குதிரையை நிறுத்தி, லாடம் மாற்றி, மறுபடி ஓட்டும் பொறுமை அதற்கு உண்டா?

பாண்டாக அடுத்து யார் வருகிறார் என்பது பெரிய விஷயமல்ல. அவருடைய முதல் படம் வெற்றி பெற்றால் இரண்டாவது படத்துக்கு எத்தனை ஆண்டு விடுவார்கள் என்று பார்க்க வேண்டும். பதில் அதில் தெரிந்துவிடும்.