கணக்கு உதைத்தால் கடையை மூடுவதா?

பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், கடல் தாண்டி ஏஜெண்டுகள் எழுதியனுப்பிய கணக்கை நம்பித்தான் செட்டிநாட்டில் வீடு கட்டினார்கள். பற்றும் வரவும் உதைத்தால் ஏட்டில் எங்கோ தப்பு. காமர்ஸ்காரர்களுக்கு இது இருப்பாய்வு. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இதே சமாச்சாரம்தான் அசெர்ட். "இந்த இடத்தில் பாக்கி மைனஸில் போகவே போகாது" என்று புரோகிராமர் செய்து வைக்கும் சத்தியம். பொய்த்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

சண்டை எங்கே என்றால், வாடிக்கையாளர் கைக்குப் போகும் பதிப்பிலும் இதை விட்டுவைப்பதா என்பதில். சி மொழியில் என்டீபக் என்று ஒரு வரி போட்டால் அசெர்ட் அத்தனையும் மாயம். வேகம் கிடைக்கும். (அசெர்ட்டுக்குள்ளேயே யாராவது உருப்படியான வேலை ஒன்றை எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து மாயம். பெரிய டீமில் இது நடக்காமல் இருக்காது!) ஒத்திகையில் சரிபார்த்துவிட்டு, நிஜப் பணம் புரளும்போது சரிபார்ப்பை நிறுத்துவது என்ன கணக்கோ?

சரி, எதற்கெடுத்தாலும் நிறுத்திவிடலாமா? 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில் அதுதான் நடந்தது. 200 அம்சங்களுக்கு மேல் வராது என்று நம்பியிருந்த ஒரு கோப்பு, டேட்டாபேஸ் அனுமதியில் செய்த மாற்றத்தால் இரண்டு மடங்காக வீங்கி வந்தது. அங்கே இருந்தது ரஸ்ட் மொழியின் அன்ராப், அசெர்ட்டின் தம்பி மாதிரி. புரோகிராம் விழுந்தது. எக்ஸ், சாட்ஜிபிடி உட்பட ஏகப்பட்ட தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. வெளியிலிருந்து வருகிற கோப்பை சத்தியம் செய்து நம்பியதுதான் தப்பு. அதை ஓரங்கட்டிவிட்டு பழைய கோப்போடு ஓடியிருக்கலாம்.

லினக்ஸ் கெர்னல் ஆட்கள் இதில் விவரமானவர்கள். மெஷினையே நிறுத்தக்கூடிய பக்-ஆன் புதிதாக வேண்டாம், வார்ன்-ஆன் போட்டு எச்சரித்துவிட்டு முடிந்தவரை சமாளியுங்கள் என்பது அவர்கள் விதி. காமர்ஸில் இதற்குப் பெயர் அனாமத்துக் கணக்கு :-) வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போகலாம்.

ஆனால் அனாமத்தை ஒருவர் உட்கார்ந்து தீர்க்க வேண்டுமே! இன்னார் பொறுப்பு என்று ஒப்படைக்காத எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? லட்சக்கணக்கான வரிகளுக்கு ஒரே அசெர்ட், எல்லாவற்றையும் அணைக்க ஒரே சுவிட்ச் என்று வைத்திருப்பதுதான் வம்பு. நிற்பதற்கு ஒரு மேக்ரோ, எழுதி வைப்பதற்கு இன்னொன்று என்று பெயரிலேயே பிரித்துவிடலாம். வட்டி போடும் புரோகிராமில் பாக்கி உதைத்தால், பணத்தைத் தொடாமல் அந்த ஒரு கணக்கோடு நிற்கட்டும். ரசீதின் ஓரத்தில் லோகோ வரவில்லை என்பதற்காக கவுண்டரை மூட வேண்டியதில்லை.