கைநாட்டும் கேள்விக்குறியும்

ஆய்வு நெறிமுறை என்றதும் விஞ்ஞான முதுமாணி மாணவருக்கு முதலில் நினைவு வருவது ஒரு வீதக் கணக்கு: ஆய்வேட்டை மென்பொருளில் போட்டால் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்பது. திருட்டு எழுத்தைப் பிடிப்பது அவசியம்தான். ஆனால் நெறிமுறை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் கலாநிதிப் பட்ட மாணவர் அனைவருக்கும் 30 மணி நேரப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் அதன் ஆறு அலகுகளில் நான்கு, கட்டுரை வெளியிடுவதையும் மேற்கோள்களை எண்ணுவதையும் சுற்றியே வருகின்றன. ஆய்வுக்கு உள்ளாகும் மக்களுக்கென்று தனி அலகு இல்லை. இலங்கையில் இப்படியொரு பாடம் வகுப்பவர்கள் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து தொடங்கினால் வேறு மாதிரியான பாடம் கிடைக்கும்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. எலிக்காய்ச்சல், மண்சரிவு, மாணிக்கக்கல் அகழ்வு, தேயிலை மண், இறப்பர் இலை நோய் என்று எதை எடுத்தாலும் பெலிஹுலோயாப் பல்கலைக்கழகத்திலிருந்தோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒரு மாணவர் மலையேற வேண்டியிருக்கும். ஏறியதும் அவர் போகவேண்டிய முதல் இடம் தோட்ட அலுவலகம். தோட்டத்தை நடத்தும் துரை சரி என்றால் கணக்கப்பிள்ளை கூட வருவார்; அவர் காட்டுகிற லயத்தில் அவர் கூப்பிடுகிறவர்கள் வந்து நிற்பார்கள். குருதி கேட்டாலும் குடிநீர் கேட்டாலும் மறுப்பு வராது. மறுக்காததை ‘சம்மதம் பெறப்பட்டது’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம். ஆனால் இங்கே வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன. 1992 முதல் கம்பனிகள் நடத்தும் தோட்டத்தில்தான் லயன் காம்பரா நிற்கிறது. அன்றைய ‘பேர்’, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, விழுவதும் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில்தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? அதிகாரத்தில் உள்ளவர் வற்புறுத்தும் இடத்தில் சம்மதம் தன்விருப்பமாக இருக்காது என்று அமெரிக்காவின் பெல்மொன்ட் அறிக்கை 1979 இலேயே எச்சரித்தது. துரை தருவது பாதைக்கான அனுமதி. குருதிக்கு அனுமதி தர அவரால் முடியாது.

சம்மதப் படிவத்தின் கதை இன்னும் பழையது. இந்தப் பக்கத்துத் தோட்டத் தமிழர் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஆகவே சிங்களப் படிவமே போதும் என்று சமாதானம் சொல்லலாம். சந்தையில் பேரம் பேசுவது வேறு, குருதி மாதிரி எத்தனை வருடம் வைத்திருக்கப்படும் என்ற வாசகத்தை விளங்கிக்கொள்வது வேறு. அதோடு, வெளியாள் நீட்டும் தாளில் கைநாட்டு வைப்பது இந்தச் சமூகத்துக்குச் சின்ன விஷயமல்ல. 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு, யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்பதைத் தாள்களே தீர்மானித்தன. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கான சட்டம் வர 2003 ஆயிற்று. இது தெரியாத மாணவர், கைநாட்டு வைக்கத் தயங்கும் மூதாட்டியை ‘ஒத்துழைக்காதவர்’ என்று குறித்துக்கொண்டு போவார். பேரிடர் நேரத்தில் சிக்கல் இரட்டிப்பாகிறது. சுனாமிக்குப் பின் மருத்துவ ஆய்வாளர்களான அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் இத்தகைய ஆய்வின் அறம் குறித்து 2005 இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 2016 மே 17 அன்று அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது போன்ற வேளையில், படிவத்தோடு வருபவர் நிவாரணத்துக்குப் பெயர் எழுதத்தான் வருகிறார் என்று வீடிழந்தவர் நினைப்பது இயல்பு.

‘நாங்கள் மண்ணையும் இரசாயனத்தையும் ஆராய்கிறவர்கள், எங்களுக்கு எதற்கு இது?’ என்ற கேள்வி வரும். கிளைபோசேட் கதையே அதற்குப் பதில். வறண்ட வலயத்தைப் பீடித்த சிறுநீரக நோய்க்கு இந்தக் களைகொல்லியும் கடின நீரும் உலோகங்களும் காரணமாகலாம் என்ற கருதுகோளை 2014 இல் ஒரு கட்டுரை முன்வைத்தது. அதன் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிந்தது. 2015 இல் தடை வந்தபோது அந்தக் கேள்விக்குறி எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. நோய் நெல் வயல் பக்கத்தில். தடையின் சுமையோ மலைத் தோட்டங்களிலும் விழுந்தது. களை மண்டிய மலையில் கொழுந்தெடுப்பது அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே என்பதைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018 இல் தடை நீங்கியது. கட்டுரையாளர்களுள் இருவருக்கு 2019 இல் விருது அறிவித்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம், எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்திவைத்தது. கிளைபோசேட் நல்லதா கெட்டதா என்பது இங்கே வழக்கல்ல. 2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் அதை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில்தான் சேர்த்தது. தன் முடிவு ஊகமா நிரூபணமா என்பதை அமைச்சரிடமும் பத்திரிகையாளரிடமும் தெளிவாகச் சொல்லும் பயிற்சி, மண் விஞ்ஞானிக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

நேர்மையை இருபத்தைந்து வயதில் ஊட்ட முடியாது என்பது இன்னொரு மறுப்பு. குணத்தை ஊட்ட முடியாதுதான். ஆனால் நல்ல மனமுள்ள பிள்ளைதான் கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போகிறது. அதில் தவறு இருப்பதாக அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேற்பார்வையாளரும் அப்படித்தான் செய்திருப்பார். நேரமும் பணமும் இல்லை என்ற குறையை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆய்வகத்துக்கு இரசாயனம் வாங்குவதே பாடு. ஆகவே புதிதாக 30 மணி நேரம் கேட்கவில்லை. இருக்கிற விரிவுரைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, ஒரு நாள் களத்தில் இருக்கட்டும். தோட்ட அனுமதியும் ஆள் சம்மதமும் இரண்டு தனித் தாள்கள் என்பது அங்கே பழகட்டும். இரண்டாவது தாளை வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, தமிழில், அலுவலக ஆள் பக்கத்தில் இல்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். மறுத்தவர் பெயர் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. கிணற்று நீரில் என்ன இருந்தது என்று ஒரு பக்கத் தமிழில் எழுதி, ஆறு மாதத்துக்குள் அதே லயத்தில் கொண்டுபோய்ச் சொல்லாதவரின் ஆய்வேட்டை ஏற்கவும் கூடாது. வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: உங்கள் ஆய்வுக்கு எத்தனை பேர் மறுத்தார்கள்? ஒருவர்கூட மறுக்கவில்லை என்று பதில் வந்தால், சம்மதம் எந்த இடத்தில், யார் முன்னிலையில் பெறப்பட்டது என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.