தோலில் பிறந்த நாதம்

பேரணாம்பட்டு என்றதும் நினைவுக்கு வருவது தோல். இங்கும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல், செருப்பாகவும் பையாகவும் கடல் கடந்து போகிறது.

தோல் காலுக்குச் செருப்பாகும். காதுக்கு விருந்தும் ஆகும்!

மிருதங்கத்தைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து, இரு பக்கமும் தோல் போர்த்திய வாத்தியம் அது. பசுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் அதில் உண்டு. இழுத்துக் கட்டும் வாரும் எருமைத் தோல்தான்.

மிருதங்க மேதை

அந்த வாத்தியத்தால் புகழ் பெற்றவர் பாலக்காடு மணி அய்யர். 1912-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரிகளில் வாசித்துப் பெயர் எடுத்தார். தஞ்சாவூர் வைத்தியநாத அய்யரிடம் பாடம் கேட்டார்.

தாளக் கணக்குக்குப் பேர் போன வாத்தியம் மிருதங்கம். மணி அய்யர் கணக்கோடு நிற்கவில்லை. பாட்டு வளைந்த இடத்தில் அவர் விரலும் வளைந்தது. வாசிக்கக் கூடாத இடத்தில் வாசிக்காமல் இருக்கவும் அவருக்குத் தெரியும். மிருதங்கத்தின் இயல்பான நாதமே கேட்க வேண்டும் என்பதற்காக, ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் சில காலம் வாசிக்க மறுத்தார்.

1966-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது. 1971-ல் 'பத்ம பூஷண்' கிடைத்தது. 1981-ல் காலமானார். பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன் போன்ற சீடர்கள் அவர் வழியை உலகுக்கு எடுத்துச் சென்றார்கள்.

தோல் கட்டிய கை

அவர் கேட்ட நாதத்தைக் கொடுத்தவர் யார்? தஞ்சாவூர்ப் பர்லாந்து. மிருதங்கம் செய்யும் குடும்பத்தில் வந்தவர். தோலைத் தேர்ந்தெடுத்து, மயிர் நீக்கி, காய வைத்து, இழுத்துக் கட்ட வேண்டும். சிறிது பிசகினாலும் சுருதி நிற்காது. கையும் காதும் ஒன்றாகப் பழக வேண்டிய வேலை!

வித்துவான் பெயர் நாடெங்கும் தெரிந்தது. வாத்தியம் செய்தவர் பெயர் தெரியவில்லை. ஏன்? இந்த வேலை செய்தவர்களில் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். தோலைத் தொட்டவரைத் தள்ளி வைத்த சாதிக் கொடுமை அவர்கள் பெயரையும் மறைத்தது. 2020-ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா இக்குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதன் பிறகே பலருக்கு அவர்கள் பெயர் தெரிய வந்தது.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் ஜாஸ் இசையில் டிரம் அடித்தவர்களும் முன்பு கன்றுத் தோலைத்தான் நம்பினார்கள். மழை வந்தால் தோல் தளரும், வெயிலில் இறுகும். 1950-களில் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது. கன்றுத் தோல் மெல்ல ஒதுங்கியது.

மிருதங்கத்தில் இன்றும் மிருகத் தோலுக்கே முதலிடம். அதைக் கட்டும் கை இல்லாமல் கச்சேரி இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

கச்சேரி மேடையில் பாடகர் பெயரைச் சொல்கிறார்கள். பக்கவாத்தியக்காரர் பெயரைச் சொல்கிறார்கள். மிருதங்கம் செய்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அதற்குக் காசு செலவில்லை; மனம் இருந்தால் போதும்.

தோல் ஷாப்பில் வேலை செய்யும் தகப்பனார் வீடு திரும்பும்போது, உடம்பில் தோல் வாடை அடிக்கலாம். பிள்ளைகளே, அதற்காக முகம் சுளிக்காதீர்கள். அது உழைப்பின் வாடை!