மலை ரயிலை ஏன் விரட்டுகிறீர்கள்?

போன மாதம் ஊட்டி ரயிலில் கல்லாறு தாண்டியதும் பேரன் கேட்டான்: "தாத்தா, சைக்கிளே முந்திவிடும் போலிருக்கே, டீசல் எஞ்சின் மாட்டினால் என்ன?" எதிரே இருந்த பெரியவரும் ஆமாம் போட்டார். எனக்கு ஒப்புதல் இல்லை.

அங்கே ஏற்றம் சுமார் பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி. ஒரு டன் எடையை ஏற்ற, சரிவுக்காக மட்டுமே 80 கிலோ விசை வேண்டும். சமதளத்தில் சில கிலோ போதும். இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றுதான். விசை கூடினால் வேகம் குறையும். எங்கள் ஆபீஸ் பட்ஜெட் மாதிரி, ஒரு தலைப்பில் கூட்டினால் இன்னொன்றில் வெட்டியாக வேண்டும்.

வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். பிரெஞ்சில் 'கிரெமயேர்' என்போம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு மட்டுமே வேலை செய்யும், மணிக்கு 30 கிலோமீட்டர் வரை. பல்சட்டம் வந்ததும், அந்த இரண்டில் உழைத்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டுக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றும். அப்போது வேகம் 13தான். வீணாக்காத அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

குன்னூருக்கு மேல் பல்சட்டம் இல்லை. டீசல் இழுக்கிறது, இழுக்கட்டும். கீழ்ப் பகுதியில் எந்த எஞ்சின் வந்தாலும் அதே சரிவில் இறங்கவும் வேண்டுமே! பிரேக்கை நினைத்தால் யார் வேகம் கேட்பார்கள்?

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பேரனை இறக்கிப் பல்சட்டத்தைக் காட்டினேன். ஏறச் சொன்னால் வரவில்லை, பற்களை எண்ணிக்கொண்டிருந்தான்.