ரெண்டாவது டிஸ்க் இடம் தரும், காவல் தராது

பழைய டெஸ்க்டொப் நிரம்பிப்போனால் உடனே புதுசு வாங்கத் தேவையில்லை. உள்ளுக்கு இன்னொரு ஹாட் டிஸ்க் பூட்டினால் போதும். எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக் கொம்பியூட்டரில் நாங்களே இதைச் செய்தோம். அதில்தான் முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பாட்டுகள் இருக்கு. வயசான அண்ணாவியார் ஒருவர் பாட, நாங்கள் பதிவு செய்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை.

வேலை கஷ்டமில்லை. பிளக்கைக் கழட்டி, கேசிங்கைத் திறந்து, உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் போக அதன் உலோகச் சட்டத்தைத் தொட வேணும். டிஸ்க்கை வெறுமையான இடத்தில் வைச்சு நாலு ஸ்குரூ. பிறகு ரெண்டு வயர்: மதர்போட்டுக்குப் போகிற சாட்டா கேபிள் ஒண்டு, பவர் சப்ளையில் இருந்து வருகிறது மற்றது.

விண்டோஸ் வந்தவுடனே புது டிஸ்க் தெரியாது. பழுது எண்டு நினைக்க வேண்டாம். 'டிஸ்க் மனேஜ்மென்ட்' போய் இனிஷியலைஸ் செய்து, போர்மட் பண்ணினால் வரும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் எண்டால் எம்.பி.ஆர் சரிவராது, ஜி.பி.டி தெரிவு செய்யுங்கோ. போர்மட் அமத்த முதல் டிஸ்க்கின் அளவை ரெண்டு தரம் பாருங்கோ. தவறிப் பழையதை அழிச்சால் கதை முடிஞ்சுது. பாவிச்ச டிஸ்க் வாங்கினால், 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் அது எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கு எண்டு பார்க்கலாம்.

பூட்டி முடிச்சு, எல்லாவற்றையும் ரெண்டாவது டிஸ்க்கிலும் கொப்பி பண்ணினோம். "இனிப் பயமில்லை" எண்டார் நிலையத்து அண்ணை ஒருவர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

டிஸ்க் ரெண்டு, ஆனால் பெட்டி ஒண்டு, பவர் சப்ளை ஒண்டு. ஐப்பசி மழையோடு ஒரு மின்னல் லைனில் இறங்கினால் ரெண்டும் சேர்ந்தே போகலாம். கள்ளன் வந்தால் பெட்டியோடுதான் தூக்குவான். ரான்சம்வேர் வைரஸ் வந்தால் பூட்டியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் தேடிப் போகும்.

வன்னிச் சனத்துக்கு இது புதுப் பாடமில்லை. 2008, 2009 இடப்பெயர்வில் அல்பம், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஒரே பையில் வைச்சுத் தூக்கின குடும்பங்கள் எத்தனை? பை போனது, எல்லாம் போனது. அப்படியும் சில வீடுகளில் பழைய கலியாணப் படம் தொங்குது. எப்படித் தப்பினது எண்டு கேளுங்கோ. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமிக்கு எப்போதோ அனுப்பின கொப்பி எண்டு சொல்லுவினம். பொத்திப் பொத்தி வைச்ச அல்பம் போய்விட்டது. அனுப்பிவிட்ட படம்தான் திரும்பி வந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்காவது பிரதி இருந்த அச்சுப் புத்தகத்தைத் திரும்பத் தேடி எடுக்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடியை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் புத்தகங்களை ஸ்கான் பண்ணி யாரும் இறக்கிக்கொள்ளத் திறந்துவிட்டதன் பெறுமதி இதுதான். ஒரு புத்தகம் பல கைகளில் இருந்தால் ஒரு நெருப்பால் முடியாது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ சொன்ன 3-2-1 கணக்கும் இதே கதைதான்: மூன்று பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்டு வேறு இடத்தில். காசில்லை எண்டு சொல்லலாம். கூத்துப் பாட்டுகளுக்கு ஒரு பென் ட்ரைவே காணும். வருசத்துக்கு ஒருக்கால் திறந்து பார்த்தால் சரி.

எல்லாவற்றையும் இணையத்தில் போடச் சொல்லவில்லை. போர்க்காலத்தைப் பற்றி ஒருவர் எங்களை நம்பிச் சொன்ன சாட்சியம் அவரைக் கேட்காமல் வெளியே போகக்கூடாது. அதற்கும் நம்பிக்கையான இன்னொரு வீடு இருக்கும்.

எங்கட பதிவுகளில் ஒரு கொப்பி இப்போது வவுனியாவில் ஒரு வீட்டு அலுமாரிக்குள் இருக்கு. இன்னொண்டு அண்ணாவியாரின் மகளிடம். டிஸ்க் பூட்ட அரை மணித்தியாலம்தான் எடுத்தது. அந்தக் கொப்பிகளைக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் ரெண்டு கிழமை இழுத்தடிச்சோம். நீங்கள் இழுத்தடிக்காதேங்கோ.