பூனைக்கும் உரிமச் சீட்டு

கரையான்சாவடியிலிருந்து போரூர் நோக்கிப் புறப்படும் ஒருவர், மெட்ரோ தூண்களின் நிழலிலேயே பூந்தமல்லி நகராட்சியைக் கடந்து, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் என்னும் ஊராட்சிகளையும் தாண்டிச் சென்னை மாநகராட்சிக்குள் பிரவேசிக்க, நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரங்கூட ஆவதில்லை. ஆனால் அவர் மடியில் ஒரு பூனைக் கூடை இருக்குமானால், அந்தச் சொற்பத் தூரத்துக்குள்ளேயே கூடைக்குள் இருக்கும் ஜீவனைப் பற்றிய கேள்விகள் மாறிவிடுகின்றன. போரூரில் குடியிருப்பவருக்குப் பூனைக்கு உரிமம் பெற மாநகராட்சியின் இணையதளம் இருக்கிறது. கரையான்சாவடிக்காரர் அக்கம்பக்கத்தில் விசாரித்தாலோ, "பூனைக்கா சார் லைசென்ஸு?" என்ற சிரிப்புதான் முதலில் கிடைக்கிறது. பூந்தமல்லியை ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சும் எழுந்திருப்பதால், நாளைக்கு எந்த வாசலில் நிற்கவேண்டும் என்பதையும் உறுதியாகச் சொல்வாரில்லை.

சென்னையில் இந்த உரிம விஷயம் சூடு பிடித்ததற்குப் பூனை எவ்விதத்திலும் காரணமல்ல. 2024 மே மாதத்தில் ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகே, ஆண்டுக்கு 50 ரூபாய் செலுத்திப் பெறவேண்டிய அந்தச் சீட்டைப் பொதுஜனங்கள் பொருட்படுத்தத் தொடங்கினார்கள். 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பும் கட்டாயமாகி, உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பும் வந்து, நவம்பர் 24 என்று குறித்த கெடு பின்னர் நீட்டிக்கவும் பட்டது. செல்லப்பிராணி உரிமத்தில் பூனைக்கும் இடமுண்டுதான். ஆனால் நாய்க்கென்று அச்சிட்ட அழைப்பிதழில் பூனையின் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தது போன்ற இடம் அது.

எங்கள் தெருவில் மீன்காரம்மா கூடையை இறக்கியதும் எங்கிருந்தோ வந்து நிற்கும் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுண்டு. ஒரு வீட்டில் அதற்கு மணி என்று பெயர். அடுத்த வீட்டில் குட்டிம்மா. மாடிவீட்டுப் பாட்டிக்கு வெறும் 'பூஸு'. மூன்று வீட்டிலும் பால் உண்டு, இரண்டு வீட்டில் படுக்கையும் உண்டு, குட்டி போடும் காலத்தில் மட்டும் அது யாருடைய பூனையும் அல்ல. விலாசச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் புகைப்படமும் கேட்கும் விண்ணப்பத்தை இம்மூவரில் யார் நிரப்புவது? மனச்சாட்சியுள்ள ஒருவர் முன்வந்து கையெழுத்திட்டால், அபராதத்துக்கும் அயலார் புகாருக்கும் உரிய பொறுப்பு முழுவதும் அவர் தலையில் இறங்குகிறது. சும்மா இருந்தவர்கள் சுகமாக இருக்கிறார்கள். ஏற்கெனவே ஊசி போட்டுப் பராமரிக்கிறவரையே எளிதில் எட்டிப் பிடிக்கும் விதியால் யாருக்குப் பிரயோஜனம் என்பதே என் ஆட்சேபம்.

பதிவே அனாவசியம் என்று நான் சொல்லவில்லை. வெறிநோய் பூனைக்கும் வரும், பூனையின் கடியால் மனிதருக்கும் வரும், வந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே தடுப்பூசியை வற்புறுத்துவது முற்றிலும் நியாயம். ஆனால் ஏறத்தாழ ஐந்தாம் மாதத்திலேயே சினைப்படக்கூடிய, இரண்டு மாதத்தில் ஈன்றுவிடுகிற பிராணிக்கு ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் சீட்டு என்ன செய்யும்? ஒரு புதுப்பித்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது இரண்டு ஈற்றுக் குட்டிகளைத் தெருவுக்குத் தந்துவிடும். கருத்தடையே இங்கே மூல காரியம்.

சிங்கப்பூரில், வீட்டு வசதி வாரிய அடுக்ககங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூனைக்கு இருந்த தடையை நீக்கிய சர்க்கார், 2024 செப்டம்பர் 1 முதல் உரிம முறையைக் கொண்டுவந்தபோது, 2026 ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்து, கருத்தடை செய்த பூனைக்கு அக்காலத்தில் உரிமத்தை இலவசமாகவே வழங்க முன்வந்தது. இதற்கு முன் திருட்டுத்தனமாகப் பூனை வளர்த்துவந்த குடும்பங்களுக்கு உரிமம் என்பது ஒரு விடுதலையாகவே வந்தது. இங்கிலாந்தோ 2024 ஜூன் 10 முதல் பூனைக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியதேயன்றி ஆண்டு உரிமம் எதையும் கேட்கவில்லை. கழுத்துத் தோலுக்கடியில் அரிசியளவு கிடக்கும் அந்தச் சிப்பு, தொலைந்த பூனையை வீடு சேர்க்க உதவுகிறதென்ற பிரத்தியட்ச லாபம் வளர்ப்பவருக்கும் தெரிகிறது.

நம் பக்கத்திலோ, பிராணிகளுக்குப் பெரிய வைத்தியம் என்றால் சென்னை வேப்பேரி என்பதே இன்னும் பேச்சு. 1903-இல் தோன்றிய அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் கீர்த்திக்குக் குறைவில்லை. ஆயினும் கத்திக்கொண்டே இருக்கும் பூனையைக் கூடையில் மூடி, நெரிசல் பேருந்தில் அத்தனை தூரம் கொண்டுபோய்க் காத்திருந்து திரும்புகிற கூலிக்காரக் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. ஆட்டோ என்றால் 50 ரூபாய்ச் சீட்டுக்குப் பன்மடங்கு செலவு. மேற்குப் புறநகர்களுக்கும் உரிமத்தைக் கொண்டுவர உத்தேசமிருப்பின், முதலில் பூந்தமல்லியிலோ குமணன்சாவடியிலோ மாதத்துக்கு ஒரு நாள் பூனைகளுக்கென்று முகாம் நடத்தட்டும். நாய்கள் வராத தனி நேரமாக அது இருக்கட்டும், ஏனெனில் குரைப்பொலி கேட்ட பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்க எந்த வைத்தியராலும் ஆகாது. அங்கேயே ஊசி, கருத்தடைக்கு முறைநாள், சிப்பு, அந்தச் சிப்பின் எண்ணில் எந்த உள்ளாட்சி எல்லையிலும் செல்லுபடியாகும் ஒரே பதிவு; மூன்று வீட்டுப் பூனைக்கு மூன்று பெயரையும் ஏற்கும் படிவம். அபராதப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.